டிஃபென்ஸிவ் லைனில் ஆள் மிஞ்சி நிற்கிறது, ஒரு பேக்கப்பை டிரேட் செய்யலாமா?

கேள்வி இதுதான்: ஒரு என்எஃப்எல் அணியில் மற்ற எல்லா பொசிஷனையும் விட டிஃபென்ஸிவ் லைன்தான் (எதிரணியைத் தடுக்க நேருக்கு நேர் முட்டும் முன்வரிசை) பலம். பத்துப் பேர் தேறுவார்கள். அதில் ஸ்டார்ட்டர்களுக்கு அடுத்தபடியாக வரும் ஒரு நல்ல பேக்கப்புக்கு இது ஒப்பந்தத்தின் கடைசி வருஷம். அவரை விற்று ஒரு டிராஃப்ட் பிக் (வருஷாவருஷம் ஏழு சுற்றாக நடக்கும் புது வீரர் தேர்வில் ஒரு ஆளை எடுக்கும் உரிமை) வாங்கிக்கொள்வதா, இல்லை வைத்துக்கொள்வதா? (அமெரிக்கன் ஃபுட்பால் பற்றித்தான் பேசுகிறோம், சாக்கர் டிரான்ஸ்ஃபர் கணக்கு முற்றிலும் வேறு.)

விற்கலாம். ஆனால் எல்லோரும் கைகாட்டும் அந்த ஆளை அல்ல, அவருக்கும் பின்னால் ஏழாவது எட்டாவது இடத்தில் நிற்பவரை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் "பலம்" என்று சொல்லும்போது எதை எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் மூன்று நல்ல ஆட்கள் இருந்தால் இரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள், ஸ்டார்ட்டருக்கு அடிபட்டால் ஒழிய ஒரு ஸ்னாப்கூட (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆட மாட்டார்கள். டிஃபென்ஸிவ் லைன் அப்படி இல்லை. நூற்று முப்பது கிலோ ஆட்கள் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் முட்டி மோதுகிற இடம் அது, யாராலும் முழு ஆட்டம் நிற்க முடியாது, அதனால் சுழற்சி முறையில்தான் ஓடுகிறது. அங்கே ஐந்தாவது ஆறாவது ஆள் என்பவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இல்லை, ஆட்டத்தில் கணிசமான பங்கை ஆடிக்கொண்டிருப்பவர். அவரை விற்றால் அந்த ஸ்னாப்களை யாரோ ஆடியாக வேண்டும், ஒன்று ஸ்டார்ட்டர்கள் களைத்துப்போவார்கள், இல்லை ஒன்பதாவது ஆள் நான்காவது குவார்ட்டரில் களத்தில் நிற்பார். அதனால் தலைகளை எண்ணாதீர்கள். போன வருஷ ஸ்னாப் கணக்கை எடுத்து, இந்த ஆள் போனால் அவருடைய ஸ்னாப்கள் யாருக்குப் போகும், அவருக்கும் இவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இடைவெளி சின்னதாக இருந்தால் மட்டுமே அது உண்மையான மிச்சம்.

இதற்கு என் மனதில் முதலில் வருவது லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 52தான். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 38-33 என்று முன்னிலையில் இருக்கிறது, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி, பந்து எதிரணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி கையில். அந்த நிலையில் பிரேடி எத்தனை ஆட்டங்களைத் திருப்பியிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஈகிள்ஸ் லைன்மேன் பிராண்டன் கிரஹாம் உள்ளே புகுந்து பந்தைத் தட்டிவிடுகிறார், அது துள்ளி டெரிக் பார்னெட் கையில் விழுகிறது. பார்னெட் அந்த வருஷம்தான் லீக்குக்கு வந்த ரூக்கி, ஸ்டார்ட்டர்களுக்குப் பின்னால் சுழற்சியில் ஆடிய லைன்மேன். அதாவது நாம் "மிஞ்சி நிற்கிறார், விற்றுவிடலாம்" என்று சொல்கிற அதே வகை ஆள்.

ஆனால் அந்த பார்னெட் எப்படி ஈகிள்ஸுக்கு வந்தார் என்று பார்த்தால் கதை மறுபக்கம் திரும்புகிறது. 2016 கோடையில் அந்த அணியில் குவார்ட்டர்பேக்குகள் மூன்று பேர்: ஸ்டார்ட்டர் சாம் பிராட்ஃபோர்ட், அனுபவசாலி பேக்கப் சேஸ் டேனியல், அந்த வருஷ டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த கார்சன் வென்ட்ஸ். ஆகஸ்ட் 30 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் பயிற்சியில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டரின் முழங்கால் போனது. சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை, வைக்கிங்ஸ் நல்ல அணி, குவார்ட்டர்பேக் இல்லை. நான்கே நாளில், செப்டம்பர் 3 அன்று, பிராட்ஃபோர்டைக் கொடுத்து 2017இன் முதல் சுற்று பிக்கும், நிபந்தனையோடு 2018இன் 4ஆம் சுற்று பிக்கும் ஈகிள்ஸ் வாங்கியது. அந்த முதல் சுற்று பிக் 14ஆவது இடமாக விழுந்தது, அதில் எடுத்தவர்தான் பார்னெட். பிராட்ஃபோர்ட் பேக்கப் இல்லை, உண்மைதான், ஆனால் பாடம் இதே கணக்குக்குத்தான்: ஆள் மிஞ்சி இருப்பதால் விலை வருவதில்லை, எதிரே ஒருவர் தவித்துக்கொண்டிருப்பதால்தான் வருகிறது. ஆகஸ்ட் 29 அன்று பிராட்ஃபோர்டுக்கு அந்த விலையை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, இப்போது விலைக்கு வருவோம். நிறைய ரசிகர்கள் தங்கள் பேக்கப்புக்கு இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று பேசுகிறார்கள். குவார்ட்டர்பேக் அல்லாத பேக்கப்புக்கு அந்த விலை மிக அபூர்வம். 2022 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஜெஃப் வில்சனை மயாமிக்கு 5ஆம் சுற்று பிக்குக்குக் கொடுத்தது. சில வாரம் முன்பு அதே இடத்துக்கு கிறிஸ்டியன் மெக்காஃப்ரி வந்துவிட்டதால் அங்கே வில்சனுக்கு இடமில்லை. 2024 நவம்பரில் சிகாகோ பேர்ஸ் ரன்னிங் பேக் கலீல் ஹெர்பர்ட்டை சின்சினாட்டிக்கு அனுப்பியபோது கிடைத்தது 7ஆம் சுற்று பிக். இருவருமே ஸ்டார்ட்டராக ஆடிக் காட்டியவர்கள், அப்படியிருந்தும் விலை அவ்வளவுதான். லைன்மேனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், ஏனென்றால் நல்ல லைன்மேன் கிடைப்பது கஷ்டம், ஆனால் ஏழாவது எட்டாவது ஆளுக்கு 6ஆம் சுற்று வந்தால் நல்ல வியாபாரம் என்றே எடுத்துக்கொள்வேன்.

வில்சன் டிரேடில் இன்னொன்றும் இருக்கிறது. மயாமியின் அப்போதைய பயிற்சியாளர் மைக் மெக்டானியல் அதற்கு முன்பு வருஷக்கணக்கில் 49அர்ஸில் இருந்தவர். வில்சன் என்ன செய்வார், எதில் தடுமாறுவார் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், பிளேபுக்கும் (அணியின் ஆட்டத் திட்டங்கள்) கிட்டத்தட்ட அதே மொழி, வந்த வாரமே களத்தில் இறக்கலாம். பேக்கப்பை வாங்குபவருக்கு இருக்கும் பெரிய பயம், இவரைப் பற்றிப் போதுமான வீடியோ இல்லையே என்பதுதான். கூட இருந்து பார்த்தவருக்கு அந்த பயம் இல்லை. எனவே உங்கள் அணியின் பழைய லைன் கோச், பழைய கோஆர்டினேட்டர் இப்போது எந்த அணியில் இருக்கிறார் என்று பாருங்கள், முதல் போன் அங்கே போக வேண்டும்.

அதேபோல வேவர் வரிசை, அதாவது வெட்டப்பட்ட வீரரை மற்ற அணிகள் எந்த வரிசையில் கேட்டு எடுக்கலாம் என்பது. இதை நிறைய பேர் கவனிப்பதில்லை, ஆனால் பேக்கப் வியாபாரத்தில் பாதி இதுதான். ஆகஸ்ட் கடைசியில் 90 பேர் ரோஸ்டரை (அணிப் பட்டியல்) 53ஆகக் குறைக்க வேண்டும். நான்கு சீசன் அனுபவம் சேராத வீரரை வெட்டினால் அவர் நேராக வேவரில் போய் விழுவார், போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் உரிமை, கடைசியில்தான் நல்ல அணிகள். அப்படியென்றால் பட்டியலில் மேலே இருக்கும் அணி ஏன் உங்களுக்கு பிக் கொடுக்க வேண்டும்? நாளை நீங்கள் வெட்டுவீர்கள், அவர்கள் சும்மா எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வரிசையில் 27ஆவது, 30ஆவது இடத்தில் நிற்கும் நல்ல அணிக்கு அந்த ஆள் தன்னிடம் வந்து சேர மாட்டார் என்று தெரியும். அவர்கள்தான் ஒரு 6ஆம் சுற்று பிக்கைத் தூக்கிக் கொடுத்து வரிசையைத் தாண்டுவார்கள். உங்கள் ஆளுக்கு நான்கு சீசன் ஆகிவிட்டதென்றால் கதை வேறு, வெட்டிய உடனே அவர் சுதந்திரம், யாரோடும் சேரலாம், அப்போது பிக் கொடுப்பவரும் குறைவு.

நேரம் என்று பார்த்தால் இனி இந்த வருஷத்தில் முக்கியமாக இரண்டு ஜன்னல்கள். ஒன்று ஆகஸ்டில், வெட்டு நாள் வரை. இன்னொன்று சீசன் நடுவில் டிரேட் கெடு நெருங்கும் நேரம், 2024 முதல் அது 9ஆம் வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. ஆகஸ்டில் விற்பவருக்கு நெருக்கடி, எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் ஆளைக் கழிக்கின்றன, எல்லோருக்கும் தெரியும் நீங்கள் எப்படியும் வெட்டப் போகிறீர்கள் என்று. கெடு நேரத்தில் வாங்குபவருக்கு நெருக்கடி. ஆக, எப்படியும் 53இல் இடம் கிடைக்காத ஆளை ஆகஸ்டில் விற்க வேண்டும், 53இல் இடம் உள்ள ஆளை நவம்பர் வரை வைத்திருந்து விற்க வேண்டும். இதை மாற்றிச் செய்யும்போதுதான் அணிகள் கையைச் சுட்டுக்கொள்கின்றன.

ஆகஸ்ட் விற்பனைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பால்டிமோர் ரேவன்ஸ். 2019இல் அவர்களிடம் ஜஸ்டின் டக்கர் கிக்கர், சாம் கோச் பன்ட்டர், இரண்டும் அசைக்க முடியாத இடங்கள். கூடவே கோரே வெட்விக் என்று ஒரு இளைஞர், இரண்டு வேலையும் தெரிந்தவர், ப்ரீசீசனில் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள்) பிரமாதமாக உதைத்தார். ரேவன்ஸில் அவருக்கு இடம் கிடைக்க வழியே இல்லை, இது லீக் முழுக்கத் தெரியும். அப்படியிருந்தும் ஆகஸ்ட் நடுவில், வெட்டு நாளுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, வைக்கிங்ஸ் 5ஆம் சுற்று பிக் கொடுத்து வாங்கியது. அங்கே போனதும் வெட்விக் ப்ரீசீசனில் கிக்குகளைத் தவறவிட, அந்த மாதக் கடைசியிலேயே அவர்களே அவரை வெட்டிவிட்டார்கள். ரேவன்ஸ் இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. ஆள் நன்றாகத் தெரியும் நேரத்தில், வேறு யாரும் சந்தையில் சரக்கு இறக்கும் முன் விற்றுவிட்டார்கள்.

ஒப்பந்தத்தின் கடைசி வருஷம் என்று சொன்னீர்கள் அல்லவா, அதுதான் உங்கள் கேள்வியின் நடு மையம். சீசன் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட்டாகப் போய்விட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம், வேறு அணி அவருக்கு நல்ல ஒப்பந்தம் கொடுத்தால் அடுத்த வருஷ டிராஃப்டில் 3 முதல் 7 வரை ஏதோ ஒரு சுற்றின் கடைசியில் இழப்பீட்டு பிக் கிடைக்கலாம். நீங்கள் வெளியிலிருந்து எத்தனை ஃப்ரீ ஏஜென்ட்களை எடுத்தீர்கள் என்பதையும் வைத்துத்தான் அது கணக்காகும், எடுத்தால் கழிந்துவிடும். ஆகவே டிரேடில் வரும் பிக்கை பூஜ்யத்தோடு ஒப்பிடக் கூடாது, அந்த இழப்பீட்டு பிக்கோடும், இந்த சீசனில் அவர் ஆடும் ஸ்னாப்களோடும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

ஜிம்மி கரோப்போலோ விஷயத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் போட்ட கணக்கு இதேதான். 2017 கோடையில் அவர்களிடம் இருந்த குவார்ட்டர்பேக்குகள் பிரேடி, கரோப்போலோ, ஜக்கோபி பிரிசெட். செப்டம்பர் தொடக்கத்தில் பிரிசெட்டைக் கொடுத்து இண்டியானாபோலிஸிலிருந்து ரிசீவர் ஃபிலிப் டார்செட்டை வாங்கினார்கள். அக்டோபர் கடைசியில், கெடுவுக்கு முந்தைய நாள், ஒப்பந்தம் முடியப்போகிற கரோப்போலோவை 49அர்ஸுக்கு 2018இன் இரண்டாம் சுற்று பிக்குக்குக் கொடுத்தார்கள். வைத்திருந்தால் அதிகபட்சம் 2019இல் மூன்றாம் சுற்றின் கடைசியில் ஓர் இழப்பீட்டு பிக். 49அர்ஸ் அப்போது ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் இருந்ததால் அந்த பிக் இரண்டாம் சுற்றின் உச்சியில் விழும்போல் தெரிந்தது. ஆனால் கரோப்போலோ வந்து கடைசி ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்துக் கொடுக்க, அது 43ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. ஜிம்மி ஜான்சன் டல்லாஸில் பயிற்சியாளராக இருந்தபோது வந்த, டிராஃப்ட் பிக்குகளுக்கான பழைய மதிப்பு அட்டவணையில் முதல் பிக்குக்கு 3000 புள்ளி, 33ஆவதுக்கு 580, 43ஆவதுக்கு 470. விற்ற ஆளே தன் விலையை இறக்கிய கதை இது. லைன்மேன் ஒருவர் அந்த அளவுக்கு அணியின் தலையெழுத்தை மாற்ற மாட்டார், ஆனால் பிக் யாருடையது, அந்த அணி எங்கே முடிக்கும் என்று யோசிக்காமல் "5ஆம் சுற்று" என்று மட்டும் பேசுவது அரைக் கணக்கு. முடிந்தால் நிபந்தனை வையுங்கள்: இத்தனை சதவீத ஸ்னாப் ஆடினால் 6ஆம் சுற்று 5ஆம் சுற்றாக மாற வேண்டும் என்று. ஏழாவது ஆளாக இருந்தவர் அங்கே போய் ஸ்டார்ட்டர் ஆனால் அந்த லாபத்தில் உங்களுக்கும் பங்கு.

சம்பள வரம்புப் பக்கம் (ஒரு வருஷத்தில் வீரர்களுக்கு அணி கணக்கில் ஏற்றக்கூடிய உச்சத் தொகை) சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிரேடில் அடிப்படைச் சம்பளம் வாங்கும் அணிக்குப் போய்விடும், ஆனால் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த கையெழுத்து போனஸில் இன்னும் கணக்கில் ஏறாத பங்கு உங்கள் தலையில்தான் இறங்கும். நான்கு வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் போனஸ் என்றால் வருஷத்துக்கு 5 லட்சம். இரண்டு வருஷம் முடிந்து விற்றால் பாக்கி 10 லட்சமும் அந்த வருஷமே ஏறும், ஜூன் 1க்குப் பிறகு விற்றால் 5 லட்சம் இந்த வருஷம், 5 லட்சம் அடுத்த வருஷம். கடைசி வருஷத்தில் இருப்பவருக்கு அப்படிப் பாக்கி எதுவும் அடுத்த வருஷத்துக்குத் தங்காது, அதனால் உங்கள் விஷயத்தில் இது தடையில்லை.

இப்போது பயமுறுத்தும் பக்கம். 2007 மார்ச்சில் அட்லாண்டா ஃபால்கன்ஸ், ஸ்டார்ட்டர் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக் இருக்கிறாரே என்று, பேக்கப் மேட் ஷாபை ஹூஸ்டனுக்கு விற்றது. நல்ல விலைதான்: முதல் சுற்றில் 10ஆவது இடத்திலிருந்து 8க்கு ஏற்றம், இரண்டு வருஷத்துக்கும் ஒவ்வொரு இரண்டாம் சுற்று பிக். அடுத்த மாதமே விக் மீதான நாய்ச்சண்டை விசாரணை வெடித்தது, அந்த சீசனில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, மூன்று குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு 4 வெற்றி, 12 தோல்வியில் முடித்தார்கள். டிரேட் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், மார்ச்சில் கிடைத்த தகவலுக்கு அது சரியான வியாபாரம். ஆனால் ஷாபை விற்ற பிறகு அவர் இடத்தில் யார் என்பதற்கு அவர்களிடம் உருப்படியான பதில் இல்லை, அதுதான் குறை.

இதற்கு நேர் எதிர் 2022இன் 49அர்ஸ். அதே கரோப்போலோவை அந்தக் கோடையில் விற்கப் பார்த்தார்கள், தோள் அறுவை சிகிச்சை ஆன ஆளை யாரும் வாங்கவில்லை, கடைசியில் சம்பளத்தைக் குறைத்து பேக்கப்பாகவே வைத்துக்கொண்டார்கள். 2ஆம் வாரத்தில் ஸ்டார்ட்டர் ட்ரே லான்ஸின் கணுக்கால் முறிந்தது. கரோப்போலோ வந்தார். டிசம்பரில் அவர் பாதமும் முறிந்தது. டிராஃப்டின் கடைசி ஆளான, 262ஆவதாக எடுத்த பிராக் பர்டி வந்து, சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டமான கான்ஃபரன்ஸ் இறுதி வரை கொண்டுபோனார். அங்கே பர்டியின் முழங்கையும் போய், அடுத்து வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடிபட்டு, பந்தை எறியவே ஆளில்லாமல் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் 2023இல் லீக் அவசரகால மூன்றாவது குவார்ட்டர்பேக் விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. நான்கு பேர் இருந்தும் போதவில்லை. லைனில் பத்துப் பேர் என்பதும் அப்படித்தான், 17 ஆட்டம் என்பது மிக நீண்ட சீசன், அக்டோபர் முடிவதற்குள் அந்தப் பத்து ஆறாகிவிடுவதை எத்தனையோ அணிகளில் பார்க்கிறோம்.

கிரீன் பே பேக்கர்ஸ் இதை ஒரு பழக்கமாகவே செய்தது, அதை மட்டும் சொல்லாமல் விட முடியாது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபேவ்ர் தொடர்ந்து 297 ஆட்டங்கள் ஸ்டார்ட் செய்தவர், அவருக்குப் பின்னால் யார் இருந்தாலும் களம் பார்க்க மாட்டார்கள். ஜெனரல் மேனேஜர் ரான் உல்ஃப் அதைத் தெரிந்துகொண்டே டிராஃப்டின் பின்வரிசையில் குவார்ட்டர்பேக்குகளை எடுத்து, ஒன்றிலிருந்து மூன்று வருஷம் பழக்கி விற்றார். 5ஆம் சுற்றில் எடுத்த மார்க் புருனெல் 1995இல் ஜாக்சன்வில்லுக்கு, விலை 3ஆம் சுற்றும் 5ஆம் சுற்றும். 4ஆம் சுற்று ஆரன் புரூக்ஸ் 2000இல் நியூ ஆர்லியன்ஸுக்கு. 6ஆம் சுற்று மேட் ஹாசல்பெக் 2001இல் சியாட்டிலுக்கு, முதல் சுற்றில் 17இலிருந்து 10க்கு ஏற்றமும் ஒரு 3ஆம் சுற்றும். மூன்று பேருமே போன இடத்தில் ஸ்டார்ட்டர் ஆகி பிளே ஆஃப் ஆடினார்கள், பேக்கர்ஸ் அதற்காக வருத்தப்பட வேண்டியிருக்கவில்லை. காரணம், ஒருவரை விற்கும்போது அடுத்தவர் ஏற்கெனவே அணிக்குள் இருந்தார், அல்லது அந்த டிராஃப்டிலேயே வந்துகொண்டிருந்தார். வாங்குபவர்களுக்கும் நம்பிக்கை, இந்தக் கடையிலிருந்து வரும் சரக்கு சோடைபோகாது என்று. நல்ல லைன் கோச் இருக்கும் உங்கள் அணியும் இப்படி ஒரு பெயரைச் சம்பாதிக்க முடியும், அதற்கு வருஷாவருஷம் 5, 6ஆம் சுற்றுகளில் ஒரு லைன்மேனை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் மிஞ்சியிருக்கும் வருஷத்திலும்.

ஆக, நான் உங்கள் ஜெனரல் மேனேஜராக இருந்தால், கடைசி வருஷத்தில் இருக்கும் அந்த நல்ல பேக்கப்பை ஆகஸ்டில் தொட மாட்டேன். ஏழாவது எட்டாவது ஆளில் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி உள்ளவரை, ப்ரீசீசனில் நிறைய ஆடவிட்டு, வெட்டு நாளுக்குப் பத்து நாள் முன்பே வேவர் வரிசையின் பின்பக்கம் இருக்கும் அணிகளிடம் பேசுவேன். ஒப்பந்தம் பாக்கி இருப்பதால் வாங்குபவருக்கு அவர் இரண்டு வருஷம் மலிவாகக் கிடைப்பார், அதனால் திறமை குறைவாக இருந்தும் விலை கிட்டத்தட்ட அதே அளவு வரும். நல்ல பேக்கப்பை சீசனில் ஆடவிட்டு, கெடு வாரத்தில் மறுபடி பார்ப்பேன். அதற்குள் நம் லைனில் யாருக்கும் பெரிய அடி இல்லை, எதிரே யாரோ ஒரு எட்ஜ் ரஷரை (லைனின் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்) இழந்து தவிக்கிறார்கள், 3ஆம் சுற்றோ 4ஆம் சுற்றின் முன்பகுதியோ தருகிறார்கள் என்றால் கொடுத்துவிடுவேன். 5ஆம் சுற்று என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிட்டு, ஜனவரியில் அவரை நம் பக்கமே ஆடவைத்து, மார்ச்சில் போகும்போது இழப்பீட்டு பிக்கை வாங்கிக்கொள்வேன்.